நாக்கில் வைக்காமல் கட்டிய நூல்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்யாணத்துக்குள் மாடி அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு வைக்கும்படி எழுதியிருக்கிறாய். "அந்தச் சோப்புச் சட்டங்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இனிமேல் உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்" என்று நடுவில் ஒரு வரி. கடைசியில், உங்கள் அன்பு மகன். நான் அதைப் படித்துவிட்டு மாடிக்குப் போனேன். சட்டங்களில் புதிதாகப் போட்டிருந்த சோப்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். பிறகு கீழே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அந்த அறை காலியாகாது. நீ கடைசி வரைக்கும் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடவில்லை. உன் பெயரையும் என் பெயரையும் எடுத்துவிட்டு இதன் பிரதி ஒன்றை நம் வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன். அம்மா இப்படிச் செய்யலாமா என்று உனக்குக் கோபம் வரும். நீ என்னைப் பற்றிச் சொன்னதை நாலு பேர் நடுவில்தான் சொன்னாய். அதற்குப் பதிலை மட்டும் நான் ஏன் அடுக்களையில் வைத்து முணுமுணுக்க வேண்டும்? உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் திரும்ப எழுதுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்காக மட்டுமல்ல. உனக்குத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், அது சரியில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

யுத்த காலத்தில் செங்கல்பட்டில் நல்ல சோப்பு கிடைக்காமல் போனபோது நான் வீட்டில் போட ஆரம்பித்தேன். காலேஜில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்; அந்தப் படிப்புக்கு இந்த வீட்டில் கிடைத்த ஒரே வேலை அதுதான். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். கலக்கி ஊற்றுவது அரை நாள் வேலை, பொறுமையாக அளக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அதை நீ ஒரு வேலையாகவே மதித்ததில்லை. வெட்டிய கட்டிகளை மூங்கில் பிளாச்சு அடித்த மரச்சட்டத்தில், பழைய வேட்டித் துணி விரித்து, ஒன்றோடு ஒன்று படாமல் விரல் நுழையும் இடைவெளி விட்டுக் குத்திட்டு நிறுத்த வேண்டும். தகரத்தில் படக்கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது. ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்று வரும், அதனால் அது எப்போதும் சாத்தியிருக்கும். மலைப் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கும். கட்டியின் மேல் சாம்பல் மாதிரி வெள்ளையாகப் பூக்கும், அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். மழைக் காலத்தில் முத்து முத்தாக வியர்க்கும், அதைத் தொடாமல் காற்றுக்கு விட வேண்டும். திருப்பி வைத்துத் திருப்பி வைத்து, சோடாவின் காரம் அடங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். சாதாரணமாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் போட்டது அதற்கும் மேல் கேட்கும்.

அடங்கியதா என்று நாக்குதான் சொல்லும். ஈர விரலால் கட்டியைத் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் வைப்பேன். சுரீர் என்று கடித்தால் அது மறுபடி சட்டத்துக்குப் போகும். கடிக்காமல் வெறும் சோப்பாக வழவழத்தால் அந்தக் கட்டிக்கு ஒரு சிவப்பு நூல் சுற்றி, சுருக்குப் போட்டு, மரப்பெட்டியில் காய்ந்த வேப்பிலைக்கு நடுவே அடுக்குவேன். நாக்கில் வைக்காமல் நூல் கட்டுவதில்லை. இந்த வீட்டில் நான் போட்ட சட்டம் அது ஒன்றுதான். உன் அப்பா கோர்ட்டிலிருந்து வந்து கோட்டைக் கழற்றும்போது கேட்பார்: "இன்னைக்கு எத்தனை கட்டி நக்கினே? பேச்செல்லாம் அதான் இவ்வளவு காரமா வருது." நம் தெருவுக்குப் போக மிச்சமானது திருக்கழுக்குன்றம் சந்தையில் கடை போடும் ஓர் அம்மாள் வழியாகக் கடற்கரைப் பக்கம் வரைக்கும் போகும். அந்தச் சோப்புக்கு நான் பெயர் வைக்கவில்லை. வாங்குகிறவர்கள் 'செவப்பு நூலு' என்று கேட்டு வாங்குவார்கள்.

காத்திருப்பது உனக்கு எப்போதுமே வராது. மாவடு ஊறுவதற்கு முன் ஈரக் கையை ஜாடிக்குள் விட்டவன் நீ. மொத்த ஜாடியும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. கேட்டபோது பூனை என்றாய். பூனை எப்படியடா துணியின் முடிச்சை அவிழ்த்து, மூடியைத் திறந்து, திரும்ப மூடிக் கட்டியது என்று கேட்டேன். "அது கெட்டிக்காரப் பூனைம்மா" என்றாய். நானும் உன் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவன் என்னை மிஞ்சின வக்கீலாக வருவான் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வரும்போது எனக்குக் கசக்கிறது.

கார்த்திகையில் என் தங்கையின் பிரசவத்துக்காகக் காஞ்சிபுரம் போனேன். அதற்கு முந்தின நாள்தான் ஒரு பெரிய ஈடு சோப்பு போட்டு, வெட்டி, சட்டங்களில் நிறுத்தியிருந்தேன். நீ பட்டணத்திலிருந்து லீவில் வந்தாய். மகாபலிபுரத்தில் உனக்குப் பெண் பேசி முடித்திருந்த சமயம். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் உன் வருங்கால மாமனாரிடம், சோப்புத் தொழில் ஆரம்பிக்கப் போகிறேன், குமாஸ்தா வேலை இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அளந்திருக்கிறாய். அவரும் மாதிரி கேட்டிருக்கிறார். மரப்பெட்டியில் நூல் கட்டியது கொஞ்சம்தான் இருந்தது. நீ என்ன செய்தாய்? சட்டத்தில் இருந்த, காரம் அடங்காத பச்சைச் சோப்பை எல்லாம் எடுத்தாய். மேலே பூத்திருந்த வெள்ளையை ஈரத்துணியால் பளபளவென்று துடைத்தாய். என் கூடையிலிருந்து நூலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் கட்டினாய். உன் அப்பாவின் தகர டிரங்குப் பெட்டியில் காற்றுப் புகாமல் அடுக்கி, கார்த்திகை மழையில், கடற்கரைக்கு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாய். எதையெல்லாம் செய்யக்கூடாதோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்வதற்கும் ஒரு திறமை வேண்டும்தான். உன் அப்பா வாசலில் உன்னை நிறுத்தி, "அம்மா நூல் கட்டிட்டாளா?" என்று கேட்டாராம். "நூல் கட்டியாச்சுப்பா" என்றாயாம். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாமல் பொய் சொல்ல உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான் திரும்பி வந்து காலிச் சட்டங்களைப் பார்த்து, உனக்கு எழுதலாம் என்று காகிதம் எடுத்த அன்றே வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். மகாபலிபுரம் குப்பத்துக்காரி, மீன் விற்கிறவள், பெயர் கன்னியம்மா. இரண்டு கைகளிலும் கந்தல் சுற்றியிருந்தது.

"செவப்பு நூலு கட்ற வூடு இதானா?"

"ஆமாம். சோப்பு வேணுமா?"

"போதும்மா, வாங்கன வரைக்கும் போதும். கடத்தெரு மளிகையில வாங்கன ஒரே ஒரு கட்டி. கை ரெண்டும் வெந்து பூட்ச்சு." பல்லால் இழுத்துக் கந்தலை அவிழ்த்தாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. "மீன் முள்ளு குத்தன எடம் எல்லாம் வாயப் பொளந்துகினு கீது. உப்புல கை வெச்சா உசுரு போயி உசுரு வருது. கருவாடு போடாம நான் இன்னாத்த துன்றது? சோப்பா விக்கிற, நெருப்பா விக்கிற?"

மடியிலிருந்து மீதிக் கட்டியை எடுத்து நீட்டினாள். நூலும் அப்படியே கூட இருந்தது. நான் போடுவது சுருக்கு, ஒரு முனையை இழுத்தால் அவிழும். இதில் பார்சலுக்குப் போடுவது போல் இரட்டை முடிச்சு. விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். ஊசி ஏறியது போல் இருந்தது.

"பேரு தெரியாத சோப்பா இருந்தா துணியில தேச்சுப் பாத்துட்டு அப்பறம் கையில போட்டிருப்பேன். நூலு கட்டி கீதேன்னுதான் நம்பினேன். நீதான கட்டன?" என்று கேட்டாள்.

"நான் இல்ல. என் பிள்ளை கட்டினான்."

"எதுக்கு?"

 தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவப் போனேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "உன் எண்ணையும் வாணாம், உன் டப்பும் வாணாம். கட்டனவன் வந்து என் மூஞ்சப் பாத்து சொல்லட்டும், நான்தான் கட்டனேன்னு. அது போதும் எனக்கு." கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். வாக்குக் கொடுத்தது நான். அதைக் காப்பாற்ற முடியாமல் இருப்பதும் நான்தான். இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான். வேறு என்ன படித்தாலும் மறந்துவிடு, இதை மட்டும் மறக்காதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னை வரவழைத்து இரண்டு பேரும் மகாபலிபுரம் போனோம். முதலில் கடையில் மிச்சம் இருப்பதைத் திரும்ப வாங்கிவிடலாம், பிறகு குப்பத்துக்குப் போகலாம் என்பது என் திட்டம். உன் மாமனார் என்னை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். அவர் மனைவி, அவர் தம்பி, கடைக் கணக்குப்பிள்ளை எல்லோரும் இருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நீ கட்டிக்கொள்ளப் போகும் சரோஜா நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"சம்மந்தியம்மா, நீங்க ஒன்னும் வெசனப்படாதீங்க. மாப்ள எல்லாம் சொல்லிட்டாரு. வயசானா கண்ணு மங்கறது சகஜம்தான். சோடா அளவு ஒரு கை கூடப் பூட்ச்சு, அதுக்கு இன்னா பண்றது? இனிமே உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? பேரப் பசங்களத் தூக்கிகினு ஜாலியா இருங்க."

அவர் தம்பி சிரித்தார். "நம்ம கடையில அதுக்குப் பேரே மாப்ள சோப்புதான். இனிமே மாமியா சோப்புன்னு மாத்திடலாம்!" எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு நாற்பத்தைந்து வயது. ஊசியில் நூல் கோக்க நான் இன்று வரை கண்ணாடி போட்டதில்லை. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாய். அந்த முறுக்கு தீரும் வரைக்கும் நான் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். அப்போது நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், "இல்லை மாமா, நான்தான்" என்று. முறுக்கு தீர்ந்தது. நீ இன்னொன்றை எடுத்தாய்.

மிச்சக் கட்டிகளை டிரங்குப் பெட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் நான் குப்பத்துப் பக்கம் திரும்பினேன். கடைசி பஸ் போய்விடும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். பெட்டியைத் தூக்கி பஸ் கூரையில் ஏற்றினாய், அதற்கு நன்றி. வழியில் நீயே பேச்செடுத்தாய்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. நீங்கன்னா அவங்க ஒன்னும் நெனைக்க மாட்டாங்க. நான்னு சொன்னா என் மதிப்பு போயிடும் இல்ல?"

"கன்னியம்மாகிட்ட எப்ப வர்றே?"

"ஏம்மா, ஒரு மீன்காரிக்காகவா இவ்வளவு ரகளை?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ நிம்மதியாகத் தூங்கினாய். என் தோளில் சாய்ந்துதான் தூங்கினாய்.

எதற்காக எனக்கு இவ்வளவு கோபம் என்று நானே பல நாட்களாக யோசித்துப் பார்த்தேன். சோப்பு போனதற்காகவா? ஒரு ஈடு போனால் இன்னொன்று போடலாம். நீ பொய் சொன்னதற்காகவா? நீ சொல்கிற பொய் எனக்குப் பழக்கம்தான். ஆனால் நீ தேர்ந்தெடுத்த பொய் இருக்கிறதே, அதுதான் என்னை விடவில்லை. கேட்டவுடன் எல்லோரும் நம்பிவிடுகிற பொய்யாகப் பார்த்து எடுத்தாய். படித்த வாலிபன் அவசரப்பட்டான் என்றால் ஒருவேளை இரண்டு கேள்வி கேட்பார்கள். வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை அளவைத் தப்பவிட்டாள் என்றால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பட்டம் வாங்கி என்ன, இத்தனை வருஷம் ஒரு கட்டிகூடத் தப்பாமல் போட்டு என்ன. அது உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடமிருந்து நீ எதையாவது உருப்படியாகக் கவனித்திருந்தால் அது இதுதான் போலிருக்கிறது: என் மேல் போட்டால் எதுவும் ஒட்டிக்கொள்ளும் என்பது. உன் அப்பாவும், "விடு, கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார். கல்யாணம் முடிந்த பிறகு இதைப் பேச யாருக்கு வாய் இருக்கப் போகிறது?

இந்த மாதிரி நேரத்தில் எழுதுகிற கடிதத்தில் பெற்றவர்கள் தங்கள் குறைகளையும் கொஞ்சம் சொல்லி, உன்னை இன்னும் நன்றாக வளர்த்திருக்கலாம் என்று கண் கலங்குவது வழக்கம். நான் கலங்குவதாக இல்லை. நீ வளர்ந்தவன், நூல் கட்டியது உன் கை. சரோஜாவைப் பற்றி மட்டும் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உன் அவசரத்தால் இன்னொன்று கெட்டுப் போகும். உன் மதிப்புப் போகிற நிலைமை வரும். அப்போது யாருடைய கண் மங்கும்? ஊரில் இருக்கும் என்னுடையதா, பக்கத்தில் இருக்கும் அவளுடையதா? அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. நீ காலண்டரைப் படித்துக்கொண்டிருந்ததால் கவனித்திருக்க மாட்டாய்.

இப்போது அறை விஷயம். திரும்பி வந்த கட்டிகளை நான் அன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்து, சுரண்டி, சட்டங்களில் நிறுத்தினேன். உன் முடிச்சுகளைக் கத்தரித்துப் போட்டேன். கன்னியம்மா கொண்டுவந்த பாதிக் கட்டியையும் அவற்றோடு வைத்தேன். மழை விட்டு, மார்கழிப் பனியும் போய், தை வெயில் வந்தது. போன வாரம் எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ஈடு முழுவதும் பழுதில்லாத சோப்பு. அளவு ஒரு கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டங்கள் மாடியில் இருக்கும். நீயும் உன் மனைவியும் வந்தால் கீழே அப்பாவின் ஆபீஸ் அறையில் கேஸ் கட்டுகளோடு படுத்துக்கொள்ளலாம். அங்கே ஜன்னலும் பெரிது.

அதில் ஒரு கட்டிக்குச் சுருக்குப் போட்டு நூல் கட்டி, உன் கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் வெற்றிலை பாக்கையும் எடுத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை நான் தனியாகக் குப்பத்துக்குப் போனேன். கன்னியம்மா வலை காயும் இடத்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். புண் ஆறியிருக்கிறது. ஆனால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டது. அது போகுமா என்று தெரியவில்லை. அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"உன் புள்ள?"

"இன்னும் வரல."

சோப்பைக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலை நனைத்துக் கட்டியில் தேய்த்து, தன் நாக்கில் வைத்தாள். "ம். இப்ப சரியா கீது," என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டாள். பத்திரிகையை நீட்டினேன். "இது இன்னாது? கண்ணாலத்துக்கா? என்னயா? எங்க ஒக்கார வெப்ப, செருப்பு கழட்டற எடத்துலயா?"

"என் பக்கத்துல."

"அட்சத போடச் சொல்லுவாங்களே. அப்ப இந்தக் கைய நீட்டட்டா, முந்தானையில சுத்திக்கட்டா?"

"அதுக்குள்ள அவன் உன்கிட்ட வந்து சொல்லிட்டான்னா, உன் இஷ்டம். வரலேன்னா நல்லா நீட்டு. கைக்கு என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டா, மாப்பிள்ளையக் கேளுன்னு சொல்லு."

 அவள் வாய் விட்டுச் சிரித்தாள். "ஏம்மா, நீ அவனப் பெத்தவளா, போலீசுக்காரியா?"

சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று உன் அப்பா பயப்படுகிறார். சுளிக்கட்டும். கன்னியம்மா நிச்சயம் வருவாள், வருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்கிறவள் என்று எனக்குத் தோன்றுகிறது. முகூர்த்தம் பெண் வீட்டில்தான் நடக்கப் போகிறது. குப்பத்திலிருந்து அந்த வீட்டுக்கு, மணலைத் தாண்டினால் கடைத்தெரு, ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் நடந்துவிடலாம். அந்த வீட்டிலிருந்து குப்பத்துக்கும் அதே தூரம்தான்.

கண் நன்றாகத் தெரிகிற,
உன் அம்மா